மூக்காயியின் வயிற்றுக்குள் ஓர் ஊர்

நடுக்காட்டில் ஒரு குளம். குளத்தைச் சுற்றிலும் கூந்தல்பனை மரங்கள். அந்தக் கரையில் முப்பது காட்டுப்பன்றிகள் கூட்டமாக வாழ்ந்தன.

அதில் மூக்காயி என்று ஒரு பெண் பன்றி. நிறைமாதம். வயிறு புல்லை உரசிக்கொண்டு தொங்கியது. இன்னும் ஐந்து நாளில் குட்டி போட வேண்டியவள்.

மூக்காயிக்கு இது இரண்டாவது ஈற்று. முதல் ஈற்றில் ஏழு குட்டிகள். ஒரு பகல் முழுக்க வலி எடுத்தது. முதலில் வந்த மூன்றும் உயிரில்லாமல் வந்தன. மீதி நான்கும் உயிரோடு வந்தன, ஆனால் அம்மாவுக்குப் பால் இறங்கவில்லை. எட்டாம் நாள் மூக்காயி தன்னந்தனியாகக் கூட்டத்துக்குத் திரும்பி வந்தாள்.

"இந்தத் தடவை ஒண்ணையும் விடமாட்டேன்!" என்று அன்றே சொல்லிக்கொண்டாள். அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வழக்கம் இல்லை. இரண்டு வருஷ வழக்கம்தான். ஒரு பெருமழைக் காற்றில் நாலைந்து கூந்தல்பனைகள் சாய்ந்தன. யானைகள் வந்து மட்டையைத் தின்றுவிட்டு, தண்டை மிதித்துப் பிளந்துவிட்டுப் போயின. பிளந்த தண்டுக்குள் பனஞ்சோறு! வெள்ளை வெளேரென்று, மாவு மாவாக, இனிப்பாக! நாருக்கு நடுவே நிறைந்திருந்தது. ஒரு வாய் கடித்து, மென்று, மாவை உறிஞ்சிக்கொண்டு, நார்ச் சக்கையைத் துப்பிவிட்டால் முடிந்தது வேலை.

அதைத் தின்று பழகிய நாக்குக்குக் கிழங்கு எங்கே பிடிக்கும்? கோரைப்புல் எங்கே பிடிக்கும்? சாய்ந்த மரம் தீர்ந்ததும் பன்றிகளே வேரைக் கிண்டி நிற்கிற மரத்தைச் சாய்த்தன. சோற்றைத் தின்றன. சக்கையைத் துப்பின.

சும்மா துப்பவில்லை. ஒவ்வொரு பன்றியும் தான் படுக்கும் இடத்துக்கு முன்னால்தான் துப்பும். யார் வாசலில் சக்கைமேடு உயரமோ அவள்தான் கூட்டத்தில் பெரியவள். சம்பந்தம் பேச வருகிற பன்றிகூட முதலில் மேட்டைத்தான் நிமிர்ந்து பார்க்கும். கூட்டத் தலைவி சடையாயியின் மேடு இருக்கிறதே, அதில் ஏறி நின்றால் குளத்தின் அக்கரை தெரியும்!

"நார் மாட்டுக்கு! சோறு நமக்கு!" என்று சடையாயி மேட்டின் மேல் நின்று சொல்வாள். மற்ற பன்றிகள் எல்லாம் "ஆமா ஆமா!" என்று வாலை ஆட்டும்.

மூக்காயியும் ஆட்டினவள்தான்.

பத்து நாட்களுக்கு முன் ஒரு மத்தியானம், மூக்காயி நிழலில் படுத்திருந்தபோது ஒரு குரல் கேட்டது. வெளியே இருந்து அல்ல. வயிற்றுக்குள்ளிருந்து!

"பசிக்குது... பசிக்குது..."

மூக்காயிக்கு மேலெல்லாம் மயிர் சிலிர்த்தது. "அடி ஆத்தீ! என் பிள்ளைங்க பேசுதுங்க!" என்று எழுந்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. "பசிக்குதா கண்ணுகளா? இருங்க, இருங்க!"

ஓடினாள். இரண்டு பங்கு பனஞ்சோறு தின்றாள். குரல் அடங்கவில்லை. மறுநாள் மூன்று பங்கு. அப்போதும் அடங்கவில்லை. "பசிக்குது" என்ற குரல் பெரிதாகிக்கொண்டே போனது. மூக்காயி தின்றுகொண்டே இருந்தாள். துப்பிக்கொண்டே இருந்தாள்.

அவள் வாசலில் மேடு கிடுகிடுவென்று வளர்ந்தது. அவளுடைய ஓரகத்தி வெள்ளைக்காதி வயிற்றெரிச்சலோடு வந்து பார்த்தாள்.

"என்ன மூக்கு, எங்க சடையாயி பெரியத்தையையே மிஞ்சிடுவ போலிருக்கே!"

"பிள்ளைங்க கேக்குதுங்க மதினி. நான் என்ன செய்ய?"

"கேக்கும், கேக்கும்! எல்லா வயித்துக்குள்ளயும் பிள்ளை இருந்துச்சு. உன் பிள்ளைக்கு மட்டும் வாய் முளைச்சிடுச்சாக்கும்!"

மூக்காயி அதைக் காதில் வாங்கவில்லை. ஆனால் நாலாம் நாளிலிருந்து அவளுக்கு மலம் கட்டிக்கொண்டது. காலையில் போய் முக்குவாள். கல்லு கல்லாக ரெண்டு விழும். பிறகு அதுவும் நின்றது. நான்கு நாளாக ஒன்றுமே போகவில்லை. வயிறு பாறை மாதிரி இறுகியது. உடம்பு கொதித்தது. கால் வீங்கியது. குளத்துச் சேற்றில் இறங்கிப் படுக்கக்கூடத் தெம்பு இல்லாமல் கரையிலேயே சாய்ந்துவிட்டாள்.

போன ஈற்றிலும் இப்படித்தான் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து அவள் மூக்குக்கு நேராக ஒரு வண்டு வந்து நின்றது.

"ஏம்மா! இந்த விட்டை உன்னுதா?"

சாணி உருட்டும் வண்டு அது. பெயர் உருட்டாண்டி. கறுகறுவென்று மின்னும் முதுகு. கோபத்தில் கொம்பு ஆடியது. அவன் முன்னால் ஒரு சின்ன உருண்டை கிடந்தது. காய்ந்து கறுத்து, கூழாங்கல் மாதிரி.

மூக்காயி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "என்னுதுதான். போ, போ. உடம்பு முடியல."

"போகவா? எங்கே போக? இந்தக் குளத்தங்கரையில முப்பது பன்னி இருக்கீங்க. முப்பது பேரும் கல்லுதான் போடுறீங்க! உருட்டி உருட்டி என் முட்டி தேஞ்சுபோச்சு. என் வீட்டுக்காரி முட்டையை வயித்துல வச்சிக்கிட்டு, வைக்க இடமில்லாம அலையுறா. கல்லுக்குள்ள முட்டை வைக்க முடியுமா? என் பிள்ளை எதைத் தின்னு வளரும்?"

மூக்காயிக்கு வந்த எரிச்சல் அப்படியே இறங்கிவிட்டது. "உனக்கும் பிள்ளைக் கவலையா?"

"பின்னே? வண்டுன்னா பிள்ளை இருக்காதா?"

"எனக்கும் அதே கவலைதான் அண்ணே. உள்ளே பிள்ளைங்க பசிக்குது பசிக்குதுன்னு கத்துதுங்க. எவ்வளவு தின்னாலும் அடங்கல. இப்போ தின்னவும் முடியல."

உருட்டாண்டியின் கொம்பு சட்டென்று ஆடாமல் நின்றது. "என்னது? கத்துதா? எங்கே கேக்குது?"

"வயித்துலதான்."

"வயித்துல எங்கே தாயி? உன் வயிறு என்ன ஒரு சாண் இடமா? சரியாச் சொல்லு!"

மூக்காயி கண்ணை மூடிக் கவனித்தாள். பிள்ளைகள் உதைக்கிற இடம் ஒன்று. குரல் வருகிற இடம் வேறொன்று! இடப்பக்கம், பெருங்குடல் சங்கு மாதிரி சுருண்டு சுருண்டு கிடக்கிறதே, அந்த இடம். இத்தனை நாள் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"சுருளுக்குள்ள இருந்து கேக்குது அண்ணே!"

"அப்போ அது உன் பிள்ளைங்க இல்ல. பிறக்காத பிள்ளை எந்த ஊர்ல பேசுது? சாணத்துக்குள்ளயே பிறந்து சாணத்துக்குள்ளயே வளர்ந்தவன் நான். நல்ல விட்டையில கூட்டம் கூட்டமா பொடி உயிருங்க இருக்கும். அதுங்க பேச்சுச் சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வரும். அதுங்க எங்கே இருந்து வந்துச்சோ, அங்கே இருந்துதான் உன்னை யாரோ கூப்பிடுறாங்க. யாருன்னு கேட்டுப் பாரு!"

மூக்காயிக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கழுத்தை வளைத்து வயிற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"யாரு உள்ளே?"

குரல் வந்தது. ஒரு குரல் அல்ல. முதல் தூறல் காடு முழுக்க ஒரே நேரத்தில் இலைகளின் மேல் விழுந்தால் எப்படி இருக்கும்? அப்படி!

"நாங்கதான் தாயி! உன் பெருங்குடல்ல குடியிருக்கிறவங்க!"

மூக்காயியின் காது இரண்டும் விறைத்து நின்றன. "எத்தனை பேர் இருக்கீங்க?"

"இந்தக் காட்டுல எத்தனை இலை இருக்கு?"

"அதை யாரால எண்ண முடியும்?"

"அதைவிட நாங்க ஜாஸ்தி! அதைவிடன்னா, அதைப்போல ஆயிரம் காட்டு இலை! அதுவும் பாதிப்பேர் பசியில செத்தது போக!"

மூக்காயி வாயைப் பிளந்தாள். குளத்தைச் சுற்றிப் பார்த்தாள். அத்திமரம், வேங்கைமரம், மூங்கில் புதர், மலைச்சரிவு வரை பச்சை. இத்தனை இலையைவிடக் கூட்டமா? தன் ஒரு சுருளுக்குள்ளா? இத்தனை நாள் தான் ஒருத்தி என்றல்லவா நினைத்திருந்தாள்!

"நான் அவ்வளவு சோறு தின்னேனே! உங்களுக்கு ஏன் பசி?"

"சோறு எங்களுக்கு வர்றதில்ல தாயி! நீ தின்கிற மாவெல்லாம் மேல சிறுகுடல்லயே கரைஞ்சு உன் ரத்தத்துல சேர்ந்துடுது. எங்க தெருவுக்கு ஒரு பருக்கை வராது. எங்களுக்குக் கிடைக்கிறது நார் மட்டும்தான். நாரை உன்னால செரிக்க முடியாது. எங்களால முடியும்!"

"நாரை என்ன செய்வீங்க?"

குரல்கள் எல்லாம் சேர்ந்து உற்சாகமாகிவிட்டன. பசியிலும் அப்படி ஒரு உற்சாகம்!

"சமைப்போம்!"

"அடுப்பே இல்லாம சமைப்போம்! கஞ்சி புளிக்கிற மாதிரி புளிக்க வைப்போம்!"

"அதுல ஒரு புளிப்புச் சாறு இறங்கும். அதைத்தான் உன் குடல் சுவர் குடிச்சு உயிர் வாழுது!"

"மிச்சம் உன் ரத்தத்துல போய் உனக்குத் தெம்பாகும். சூடாகும்! பாலாகும்!"

"அப்புறம் நார் பஞ்சு மாதிரி தண்ணியைப் பிடிச்சு வச்சிக்கும். விட்டை பதமா இருக்கும். வழி தானா நகரும்!"

உருட்டாண்டி பெருமூச்சு விட்டான். "பதமான விட்டை! ஆஹா, கேக்கவே நல்லாருக்கு!"

மூக்காயி மெதுவாகக் கேட்டாள். "அப்போ நான் இத்தனை நாள் துப்புனது..."

"எங்க சாப்பாடு."

மூக்காயி தலையைத் திருப்பித் தன் வாசலைப் பார்த்தாள். சக்கைமேடு வெயிலில் நின்றது. எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்த மேடு! அத்தனையும் பிடுங்கிய சோறு.

"இன்னொண்ணும் சொல்லிடுறோம் தாயி," என்று குரல் தழைந்தது. "எங்களைத் திட்டாதே. பசி தாங்காம நாங்க சுவத்தைச் சுரண்ட ஆரம்பிச்சுட்டோம்."

"எந்தச் சுவத்தை?"

"உன் குடல் சுவத்தை. அதுமேல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கோம். குடியிருக்கிற வீட்டையே தின்கிறது தப்புதான். வேற வழி தெரியல. உனக்குக் காய்ச்சல் அதனாலதான். கல்லு வேற அடைச்சு நிக்குது. நாங்க இருக்கிற சுருளும் பிள்ளை வர்ற வழியும் பக்கத்துப் பக்கத்து வீடு. இங்கே கல்லு அடைச்சு நின்னா அங்கே பிள்ளைக்கு எப்படித் தாயி வழி கிடைக்கும்?"

போன ஈற்றின் அந்த ஒரு பகல் முழுவதும் மூக்காயியின் கண் முன்னால் வந்து நின்றது. எதனால் என்று இத்தனை காலம் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

தள்ளாடி எழுந்தாள். நேராகத் தன் சக்கைமேட்டுக்குப் போய் வாயைத் திறந்தாள்.

"நிறுத்து, நிறுத்து!" என்று உருட்டாண்டி கத்தினான். "அது பூஞ்சை பிடிச்சது! உள்ளே இருக்கிறவங்களையும் கொன்னு உன்னையும் கொன்னுடும்!"

"புதுசாக் கொண்டா தாயி!" என்றன குரல்கள். "முதல்ல தண்ணி! நிறையத் தண்ணி! தண்ணி இல்லாம நாரைப் போட்டா அடைப்புக்கு மேல அடைப்பு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பு. ஒரேயடியாக் கொட்டிடாதே. நாங்க ஆள் குறைஞ்சு கிடக்கோம். பெருகிக்கிறோம், ரெண்டு நாள் கொடு!"

மூக்காயி குளத்தில் வாயை வைத்தாள். வயிறு கனக்கக் கனக்கக் குடித்தாள். பிறகு கரையில் கோரையைக் கிண்டினாள். கிழங்கைத் தோலோடு, வேரோடு, ஒரு வாய் இளம்புல்லோடு சேர்த்து மென்றாள். நார் பல்லில் சிக்கியது. நாக்கு "துப்பு, துப்பு" என்றது. இரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"மூக்காயீ!"

சடையாயி! மேட்டின் உச்சியில் நின்று பார்த்துவிட்டாள். தடதடவென்று இறங்கி வந்தாள். பின்னாலேயே வெள்ளைக்காதியும் பத்துப் பன்றிகளும்.

"இப்போ நீ முழுங்கினியா?"

"முழுங்கினேன் அத்தை."

"நாரையா?"

"நாரைத்தான்."

வெள்ளைக்காதி "ம்மா..." என்று மாடு மாதிரி கத்திக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். மூக்காயி இன்னொரு வாய் கோரையைக் கடித்து மென்றுகொண்டே சொன்னாள்.

"அத்தை, என் வயித்துக்குள்ள ஒரு ஊரே இருக்கு! உங்க வயித்துலயும் இருக்கு. நாம துப்புறதுதான் அவங்களுக்குச் சாப்பாடு. நீங்களும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க!"

"எனக்கு எதுவும் கேக்கல."

"ராத்திரி பகலா தின்னுக்கிட்டே இருந்தா எப்படி அத்தை கேக்கும்?"

அது கொஞ்சம் அதிகப்பேச்சுதான். சடையாயியின் பிடரி மயிர் முள்ளாக எழுந்தது.

"சரி. மாடு மாதிரி தின்கிறவளுக்கு மாடு மாதிரியே வழி. நீ குட்டி போடுற நாள்ல இந்தக் கூட்டத்துல ஒருத்தியும் காவலுக்கு வரமாட்டா. செந்நாய் வந்தா உன் வயித்து ஊரைக் கூப்பிட்டுக்கோ!"

செந்நாய் என்ற சொல்லுக்கே எந்தத் தாய்ப்பன்றியும் நடுங்கும். ரத்த வாடை பட்டால் அரை மைலிலிருந்து வந்துவிடும். காவல் இல்லாமல் குட்டி போடுவது என்றால் பந்தி வைத்து அழைக்கிற மாதிரி. இப்போது இந்த வாயில் இருப்பதைத் துப்பிவிட்டால் காவல் உண்டு. விழுங்கினால் கிடையாது.

அவள் காவலையும் நினைத்தாள். பால் இல்லாமல் போன அந்த நான்கு குட்டிகளையும் நினைத்தாள். காவல் அன்றைக்கும் இருந்தது. காவல் காத்தவர்களால் பால் கொடுக்க முடியவில்லையே!

வாயில் இருந்ததை விழுங்கினாள். திரும்பி மூங்கில் புதர்ப் பக்கம் நடந்தாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூக்காயி அத்திப்பழத்தைத் தோலும் விதையுமாகத் தின்றாள். கிழங்கு தின்றாள். கொஞ்சமாகப் பனஞ்சோறும் தின்றாள், ஆனால் நாரோடு சேர்த்து. நடந்தாள். தண்ணீர் குடித்தாள். உருட்டாண்டி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து காத்திருந்தான். அவன் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து அவனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"வருமா, வராதா?"

"வரும் புள்ள. கொஞ்சம் பொறு."

"நாலு நாளா இதையே சொல்றீங்க!"

இரண்டாம் நாள் குரல் மாறியது. "பசிக்குது" நின்றுவிட்டது. அதற்குப் பதில் ஒரு முணுமுணுப்பு. எங்கோ தூரத்தில் சந்தை கூடுகிற மாதிரி. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது, நாலு நாற்பதாகிறது. மூக்காயி அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஓர் ஊர் திரும்பக் குடியேறிக்கொண்டிருந்தது!

மூன்றாம் நாள் மத்தியானம் வயிறு பேசியது. கட கட கடவென்று உருண்டது. நிழலில் கிடந்த தவளைகள் "இடி!" என்று குளத்தில் குதித்தன. சுருளுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பியது. பனிக்காலத்து வெயில் முதுகில் படுமே, அந்த மாதிரி இதமான சூடு. அது வயிற்றில் பரவி, முதுகில் ஏறி, வீங்கிய கால் வரை இறங்கியது. காய்ச்சல் விட்டது. புல்லாக விழுங்கியது எப்படிச் சூடாயிற்று? கோரையாகப் போனது எப்படித் தெம்பாயிற்று? மூக்காயி அதிசயத்தில் கண்ணைச் சிமிட்டக்கூட மறந்தாள்.

பிறகு அவசரமாக எழுந்து புதருக்குப் பின்னால் ஓடினாள்.

"ஏ புள்ள! ஓடி வா, ஓடி வா!" என்று உருட்டாண்டி அலறினான். "பதம்! என்ன பதம் பாரு! வாசனையைப் பாரு!"

அவன் வீட்டுக்காரி நேராகப் போய் உருட்டத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் அவனை ஒரு தடவைகூட முறைக்கவில்லை.

ஐந்தாம் நாள் விடியும்போது மூக்காயி புல்லையும் சருகையும் கூட்டி மூங்கில் புதருக்குள் படுக்கை கட்டினாள். யாரும் காவலுக்கு வரவில்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வலி வந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நீண்ட பகலுக்குத் தயாரானாள்.

முதல் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. உயிரோடு! தும்மியது! அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் இரண்டாவது. பிறகு மூன்றாவது. எங்கும் அடைப்பு இல்லை. எங்கும் நிற்கவில்லை. உள்ளே இருந்த கோடானுகோடிப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. வெயில் மூங்கில் நுனியைத் தொட்டபோது பதினொரு குட்டிகள்! முதுகில் கோடு போட்ட பதினொரு குட்டிகள்!

அப்போதுதான் சருகு நொறுங்கியது. செந்நாய்கள். மூன்று. ரத்த வாடை பிடித்து வந்துவிட்டன.

"பிள்ளை பெத்துக்கிட்டு கிடக்கிறவ. எழுந்திருக்க மாட்டா," என்றது ஒன்று.

"வலி சாயங்காலம் வரைக்கும் இருக்கும். அவசரமே இல்ல," என்றது இன்னொன்று.

அவை பார்த்த தாய்ப்பன்றிகள் எல்லாம் அப்படித்தான் கிடந்தன. இரண்டு வருஷமாக அந்தக் கரையில் எந்தப் பன்றியும் உச்சி வெயிலுக்கு முன் குட்டி போட்டு முடித்ததில்லை.

மூக்காயி எழுந்து நின்றாள்.

கால் நடுங்கவில்லை. அவளே அதை ஆச்சரியமாகப் பார்த்தாள். மூங்கில் புதர் அதிர ஓர் உறுமல் உறுமினாள். மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தாள். முதல் செந்நாய் தலைகீழாகப் போய்ச் சேற்றில் விழுந்தது. மற்ற இரண்டும் அதைத் தூக்கிவிடக்கூட நிற்கவில்லை.

"இவ பன்னியே இல்லடா! பாறை!" என்று கத்திக்கொண்டே ஓடின.

மூக்காயி திரும்பி வந்து படுத்தாள். பதினொரு வாயும் மடியைத் தேடிப் பிடித்தன. பால் இறங்கியது. சொட்டுச் சொட்டாக அல்ல, சளசளவென்று! குட்டிகளின் வாயோரம் வழிந்தது. அவள் கண்ணிலிருந்தும் வழிந்தது.

உறுமல் கேட்டு வெள்ளைக்காதி ஓடி வந்தாள். புதருக்குள் எட்டிப் பார்த்தாள். வாய்க்குள்ளேயே எண்ணினாள். பதினொன்று வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"மூக்கு..." என்றாள். குரலில் எகத்தாளம் இல்லை. "எனக்கும் ஒரு மாசமா ஒரு குரல் கேக்குது. சிரிப்பாங்கன்னு சொல்லாம இருந்தேன். பெரியத்தை ரெண்டு நாளா மேட்டுல இருந்து இறங்க முடியாம முனகிக்கிட்டுக் கிடக்காங்க. என்ன செய்யணும்?"

"முதல்ல தண்ணி மதினி," என்றாள் மூக்காயி. "தண்ணி கொடு. அப்புறம் அத்திப்பழம். நாலஞ்சு போதும். நாளைக்குக் கொஞ்சம் கூட."

வெள்ளைக்காதி போனாள். சடையாயி முதலில் மறுத்தாள் என்றும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள் என்றும், மூன்றாம் நாள் அவள் வயிறு உருண்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் இறங்கி ஓடின என்றும் சொன்னார்கள். அதற்குப் பிறகு குளத்தங்கரையில் யாரும் யார் வாசலையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குட்டிகள் பிறந்த நான்காம் நாள் ஒரு சங்கதி நடந்தது.

கடைசியாகப் பிறந்த பெண்குட்டி, எல்லாவற்றிலும் சின்னது, தத்தித் தத்தித் தாயின் பின்னால் போனது. மூக்காயி அப்போதுதான் போட்டிருந்த விட்டையை முகர்ந்தது. ஒரு துணுக்கை நக்கி விழுங்கியது.

"சீ! துப்பு, துப்பு!" என்று மூக்காயி பதறித் திரும்பினாள்.

"விடு தாயி!" என்று வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "விடு! அது எங்க ஆளுங்க. புது வீட்டுக்குக் குடி போறாங்க!"

மூக்காயி அப்படியே நின்றுவிட்டாள்.

அந்தச் சின்னக் குட்டி உதட்டை நக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. அதன் வயிறு ஒரு அத்திக்காய் அளவுதான் இருக்கும். மூக்காயி குனிந்து அதன்மேல் காதை வைத்தாள். முதலில் குட்டியின் நெஞ்சு துடிப்பதுதான் கேட்டது. பிறகு, ரொம்ப ஆழத்தில், மிக மிக மெல்லிசாக, ஏதோ ஒன்று.

யாரோ ரெண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. "இடம் நல்லாருக்கு," என்றது ஒன்று. "கூரை புதுசு," என்றது மற்றது. சற்றுப் பொறுத்து நாலு குரல். பிறகு எட்டு.

மூக்காயி காதை எடுக்கவே இல்லை. மற்ற பத்தும் வந்து அவள் மேல் ஏறி விளையாடின. வெயில் ஏறியது. குளத்தில் தவளைகள் கத்தின. அவள் மூச்சுச் சத்தத்தைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டபடியே இருந்தாள்.

நமக்கு வேண்டாம் என்று நாம் துப்புகிற நார்தான் நமக்காக உள்ளே உழைக்கிறவர்களின் சாப்பாடு. ஆகவே சாப்பிட உட்காரும்போது நாக்குக்கு மட்டும் பரிமாறாமல், கண்ணுக்குத் தெரியாத அவர்களுக்கும் ஒரு பங்கு வைக்க வேண்டும்.